வண்ணக்கர் கண்ட வயிரம்

மதுரைக்கு வடகிழக்கே மேலூரை அடுத்துள்ள திருவாதவூர், இரு பெரும் புலமையாளரைத் தன் மக்கள் என உரிமை கொண்டாடும் ஊராகும். சங்கச் சான்றோருள் தலைசிறந்தவரான கபிலர் இவ்வூரினர் என்பது மரபு. பாண்டியனின் அமைச்சராய் இருந்து, பின்னர் அனைத்தையும் துறந்து திருவாசகம் அருளிய வாதவூரர் தோன்றியதும் இவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் எதுவாயினும், தமிழுலகம் அவருக்கு இட்டு வழங்கும் பெயர் மாணிக்கவாசகர் என்பதாம். ஒருவருடைய சொல்லின் மதிப்பைக் கூற வேண்டியபோது, தமிழ் மரபு ஒரு மணியின் பெயரையே எடுத்துக்கொண்டது. பொன்னின் பெயரையோ, பூவின் பெயரையோ, தேனின் பெயரையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். மணியை எடுத்தமைக்குக் காரணம் உண்டா? மணியின் மதிப்பை நம் முன்னோர் எவ்வாறு அறுதியிட்டனர், அவ்வறிவு சொல்லின் மதிப்பை அறியும் முறையோடு எவ்வகையில் தொடர்புடையது என்பவற்றை, மணிகளுள் முதலிடம் பெறும் வயிரத்தை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரையின் மணிவீதி

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், கோவலன் மதுரை மாநகரைச் சுற்றி வருகின்றான். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, வாழ வழி தேடி நகருள் நுழைந்தவன் காணும் காட்சிகளுள் மணிவீதியும் ஒன்று. இளங்கோவடிகள் அவ்வீதியைப் பொதுப்பட வருணித்துச் செல்லவில்லை. ஒன்பது வகை மணிகளையும் நிரலே எடுத்துக்கொண்டு, இருக்கக்கூடாத குற்றங்களையும் இருக்க வேண்டிய குணங்களையும் கூறுகின்றார். அந்நிரலில் முதலில் நிற்பது வயிரம். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கியிருத்தல் வேண்டும். நூலவர் சொன்ன நுண்ணிய கோடிகள் குன்றாதிருத்தல் வேண்டும். இவ்வகை தெரிந்தவர்கள் திரண்டிருந்த வீதியாகவே அது காட்டப்படுகின்றது. விற்போர், வாங்குவோர் என்ற அளவில் நில்லாமல், தெரிந்தோர் என்றொரு கூட்டத்தாரை அடிகள் அங்கே நிறுத்தியிருப்பது கருதத்தக்கது.

காகபாதம் என்பது காக்கையின் காலடி போன்று மூன்றாய்ப் பிரிந்து தோன்றும் கீற்று. களங்கம் மறு. விந்து புள்ளி. ஏகை கோடு. இவை கற்பனைக் குற்றங்கள் அல்ல. வயிரம் உலகின் கடினமான இயற்கைப் பொருளாயினும், அதன் படிகத்தில் நான்கு திசைகளில் எளிதில் பிளவுபடும் தளங்கள் உள்ளன. நிலத்தின் ஆழத்தில் பெற்ற அழுத்தத்தாலோ பிற்பட்ட அடியாலோ அத்தளங்களை ஒட்டி வெடிப்புகள் தோன்றும். இன்றைய மணியியலார் அவ்வெடிப்பை 'இறகு' என்று வழங்குகின்றனர். அன்று பறவையின் காலாகக் கண்டதை இன்று பறவையின் இறகாகக் காண்கின்றனர். கண்ட பொருள் ஒன்றே.

உரையாசிரியர் தந்த அளவுகோல்

மூலம் நான்கு குற்றங்களைச் சுட்ட, உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் மணிநூற் செய்திகளை எடுத்துக்காட்டி, அவற்றைப் பன்னிரண்டாக விரிக்கின்றார். சரைமலம், கீற்று, சப்படி, பிளத்தல், துளை, கரி, விந்து, காகபாதம், இருத்து, கோடியில்லாமை, கோடி முரிந்திருத்தல், தாரை மழுங்கல் என்பன அவை. குணங்கள் ஐந்து: எட்டுப் பலகை, ஆறு கோணம், விளங்கும் தாரை, சுத்தி, தராசம். இவற்றோடு வானவில்லின் ஒளியும் கூடினால் அதுவே சிறந்த வயிரம்.

எட்டுப் பலகையும் ஆறு கோணமும் என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். பூமியிலிருந்து எடுக்கப்படும் வயிரம் தன் இயல்பான வடிவில் பெரும்பாலும் எண்முகப் படிகமாகவே அமையும். இரண்டு நாற்கோணக் கூம்புகளை அடியோடு அடி பொருத்தியது போன்ற வடிவம் அது. அவ்வடிவத்திற்கு முகங்கள் எட்டு, முனைகள் ஆறு. 'பலகை' என்று உரை சொல்வது முகத்தை. 'கோணம்' என்று சொல்வது முனையை. 'தாரை' என்பது இரு முகங்கள் கூடும் கூரிய விளிம்பை. படிகவியல் என்னும் துறை மேலை நாடுகளில் உருப்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, வயிரத்தின் இயற்கை வடிவத்தைத் தமிழுரை எண்ணிச் சொல்லிவிட்டது. வானவில் ஒளி என்றதும் அவ்வாறே. வயிரத்துள் புகும் வெள்ளொளி நிறங்களாகச் சிதறுதலை இன்று ஒளிப்பிரிகை என்கின்றோம். வயிரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. கண்ணாடியினும் மிகுதியாக ஒளியை வளைத்துச் சிதறச் செய்யும் அவ்வியல்பே வயிரத்தின் அழகுக்குக் காரணம்.

கோடி முரிதலும் தாரை மழுங்கலும் ஏன் குற்றமாயின என்பதும் இதனால் விளங்கும். பழைய இந்தியாவில் வயிரத்தை இன்று போலப் பல பட்டைகளாகத் தீட்டும் வழக்கம் இல்லை. இயற்கை தந்த எண்முக வடிவமே அணிகலனில் பதிக்கப்பட்டது. ஆகவே இயற்கை வடிவத்தின் நிறைவே அழகின் நிறைவாகக் கொள்ளப்பட்டது.

வண்ணக்கர் என்போர்

இவ்வறிவு யாரிடம் இருந்தது? நாணயத்தையும் மணியையும் நோட்டம் பார்ப்பவனுக்குப் பழந்தமிழில் வண்ணக்கன் என்று பெயர். இச்சொல் கிடைக்கும் இடங்களுள் சிறப்பானது சங்கப் புலவர் பெயர்களே. வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான், வண்ணக்கன் சோருமருங்குமரனார் என்று ஒருவரல்லர், பலர் சங்கத் தொகைகளில் இடம்பெறுகின்றனர். பகலில் காசின் மாற்றையும் கல்லின் குற்றத்தையும் பார்த்த கண்களே அகத்திணையின் நுண்மைகளையும் பார்த்தன என்று கொள்ளத் தடையில்லை.

இதற்கு அரண் செய்யும் கல்வெட்டு ஒன்று ஈரோட்டை அடுத்த அறச்சலூர் மலைக்குகையில் உள்ளது. அடவுச் சொற்கட்டுக்குரிய எழுத்துகள் வரிசைக்கு ஐந்தாக, எப்பக்கமிருந்து படித்தாலும் ஒத்து வருமாறு அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் பெயர் தேவன் சாத்தன். அவன் தன்னை மணிய் வண்ணக்கன் என்று குறித்துக்கொள்கின்றான். மணியை நோட்டமிடுவோன் ஒருவன் இசையெழுத்தையும் கோத்திருக்கின்றான். அறச்சலூர் இருக்கும் பகுதியும் நோக்கற்குரியது. அதே கொங்கு நாட்டின் கொடுமணலில் 1980களிலிருந்து நிகழ்ந்த அகழாய்வுகள், பச்சைக்கல், நீலம், பளிங்கு, சூதுபவளம் முதலியவற்றை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய தொழிற்கூடங்களின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன. வண்ணக்கனுக்கு வேலை இருந்த நாடு அது.

மதுரையும் இவ்வகையில் குறைந்ததன்று. மதுரைக்காஞ்சி, அந்நகரின் கடைத்தெருவில் மணிக்குத் துளையிடுவோரையும் பொன்னை உரைத்துப் பார்ப்போரையும் தனித்தனியே சுட்டுகின்றது. அழகர்மலைக் குகையில் ஏறத்தாழக் கி.மு. முதல் நூற்றாண்டில் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்துகளில், துறவியர்க்குக் கொடை அளித்த மதுரை வணிகர் பலருடன் மதுரைப் பொற்கொல்லன் ஒருவனும் இடம்பெற்றுள்ளான். திருவாதவூரின் ஓவாமலைக் குகையிலும் அதே எழுத்தில் பழங்கல்வெட்டுகள் உள்ளன. தெரிந்தோர் திரண்ட வீதி என்று அடிகள் கூறியது வெறும் புனைந்துரை அன்று.

நிறையும் விலையும்

குணம் அறிந்த பின்னர் விலை வகுக்க வேண்டும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நல்ல வயிரத்தின் இலக்கணமாகப் பருமை, கனம், அடி தாங்குதல், ஒத்த கோடிகள், பாத்திரத்தைக் கீறும் ஆற்றல், ஒளி ஆகியவற்றைக் கூறுகின்றது. அது கருவூலத்தாரின் நோக்கு. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் எடைக்கேற்ப விலை வகுத்துள்ளார். எட்டு வெண்கடுகு ஓர் அரிசி எடை; இருபது அரிசி எடையுள்ள வயிரத்தின் விலை இரண்டு இலட்சம். எடை பத்து அரிசியாகக் குறைந்தால் விலை பாதியாகக் குறைவதில்லை. ஐந்தில் ஒரு பங்காகச் சரிகின்றது. பெரிய வயிரம் அரிது; அருமை கூடுந்தோறும் விலை எடையை விஞ்சி ஏறும் என்னும் பொருளியல் உண்மை இதனுள் அடங்கியுள்ளது.

அதே வராகமிகிரர், நல்ல வயிரம் இலேசானது, நீரில் மிதப்பது என்றும் கூறுகின்றார். வயிரத்தின் ஒப்படர்த்தி 3.52, அது நீரில் மூழ்கும் பொருளே. எனினும் வயிரத்தின் மேற்பரப்பு நீரை ஒட்டவிடாது, கொழுப்பை ஒட்டிக்கொள்ளும். அவ்வியல்பைப் பயன்படுத்தியே தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழுப்புப் பூசிய மேசைகளின்மீது வயிரத்தைப் பிரித்தெடுத்தனர். மிகச் சிறிய வயிரத்துகள் நீர்ப்பரப்பில் தங்கக் கண்டு அவ்விதி தோன்றியிருக்கலாம். நூலில் உள்ளவை அனைத்தும் மெய் என்று போற்றுதலும், ஒன்று பிழைத்ததால் அனைத்தும் பொய் என்று தள்ளுதலும் நோட்டமாகா.

17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு மணி வணிகர் தாவெர்னியே, கிருட்டிணையாற்றங்கரையின் கொல்லூர்ச் சுரங்கம் முதலியவற்றை நேரில் கண்டு எழுதிய பயண நூல் 1676இல் வெளிவந்தது. அதில் அவர் தரும் விலை முறை எளிது. எடையை எடையால் பெருக்கி, அதனை ஒரு கேரட் வயிரத்தின் விலையால் பெருக்க வேண்டும். இரண்டு கேரட் வயிரம் நான்கு மடங்கு பெறும். மூன்று கேரட் வயிரம் ஒன்பது மடங்கு பெறும்.

விலையினும் சுவையானவை அவர் கண்ட நோட்ட முறைகள். ஐரோப்பியர் பகலொளியில் வயிரத்தைப் பார்க்க, இந்திய வணிகர் இரவில் பார்த்தனர். சுவரில் ஒரு சதுர மாடத்தில் பெரிய திரியிட்ட விளக்கை வைத்து, கல்லை விரலிடையே பிடித்து, அதன் நீரோட்டத்தையும் புள்ளியையும் ஆராய்ந்தனர். நீலச்சாயல் உண்டா என ஐயுற்றால் இலையடர்ந்த மரத்தின் நிழலில் வைத்துப் பார்த்தனர். சுரங்கத்தருகே மரத்தடியில், பத்து முதல் பதினாறு வயதுக்குட்பட்ட வணிகர் வீட்டுச் சிறுவர்கள், இடுப்பில் எடைக்கற்களும் பணப்பையுமாக அமர்ந்து, கொண்டுவரப்படும் கற்களை மதிப்பிட்டு வாங்கினர். பேரம் பேசும் வணிகர் இருவர் துணியின் மறைவில் விரல்களைப் பற்றி விலையைத் தெரிவித்துக்கொண்டனர். துண்டின் அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களை மாட்டுச் சந்தைகளில் கண்ட தமிழ்நாட்டார்க்கு இக்காட்சி புதிதன்று.

தாவெர்னியே கூறும் மற்றொரு செய்தி படைப்பாளர் சிந்தனைக்குரியது. கல் குற்றமற்றதாயின், எடை குறைந்துவிடும் என்று கருதி, இந்தியர் அதனைச் சாணையில் மேலும் கீழும் சற்றே தொட்டு விட்டுவிடுவர். கல்லில் வெடிப்போ கறுப்பு, சிவப்புப் புள்ளியோ இருந்தால், அது தோன்றாதபடி கல் முழுதும் பட்டைகளை நிரப்புவர். ஆதலின் பட்டை மிகுந்த கல்லைக் கண்டால், எதனை மறைக்க இத்தனை பட்டை என்று நோட்டக்காரன் ஐயுறுவான்.

கல்லில் எழுதிய குற்றம்

நோட்டத்தின் நேர்மைக்குத் தமிழகத்தில் கிடைக்கும் பெருஞ்சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் குடும்பத்தாரும் கோயிலுக்கு அளித்த அணிகலன்கள் அங்கு ஒன்றுவிடாது பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். மணியணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறை நுணுகிச் செல்லும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. அணிகலனில் கோத்த சரடு, உள்ளே இட்ட அரக்கு, செப்பாணி ஆகியவையும் எடையில் அடங்கியுள்ளன என்பது வெளிப்படையாகச் சொல்லப்படும். இறுதியில் காசளவில் விலையும் குறிக்கப்படும்.

அவ்வளவோடு அமையவில்லை. பதித்த வயிரங்களை மட்டத்தாரை, சப்படி, சவக்கம் என்று வடிவால் பகுத்தபின், அவற்றுள் பொறிவுடையன, முறிவுடையன, சிவப்புப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் உடையன, வெந்தன போன்று தோன்றுவன ஆகியவை உள்ளன என்றும் எழுதப்பட்டுள்ளது. முத்துகளும் மாணிக்கங்களும் அவ்வாறே தம் குறைகளுடன் குறிக்கப்பட்டுள்ளன. சிலப்பதிகாரம் விந்து என்று பெயரிட்ட குற்றம், மன்னன் தந்த கொடையின் பட்டியலில் மறைக்கப்படாமல் நிற்கின்றது.

கொடுத்தவன் முடிமன்னன், பெற்றவன் இறைவன், எழுதியவர் அம்மன்னனின் ஆணைக்குட்பட்டோர். குற்றமிலா வயிரம் என்று ஒரு சொல்லில் எழுதி முடித்திருந்தால் தடுப்பார் எவருமிலர். ஆயினும், கோயிற்பொருளை வருங்காலத்தார் சரிபார்க்க வேண்டும். ஒரு கல் மாற்றி வைக்கப்பட்டால் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் குணத்தினும் குற்றமே நல்ல அடையாளம். தூய கற்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். கரும்புள்ளியுடைய கல்லை அப்புள்ளியே காட்டிக்கொடுக்கும். குற்றத்தை எழுதியது கொடையைத் தாழ்த்தவில்லை, அதனைக் காத்தது.

வருணம் என்னும் பிழை

பழைய மணிநூல்கள் அனைத்தையும் போற்ற இயலாத இடமும் ஒன்றுண்டு. வெண்மை, செம்மை, மஞ்சள், கருமை என நிறத்தால் வயிரத்தைப் பகுத்து, அந்தணர் முதலிய நால்வருணத்தை அவற்றின்மேல் ஏற்றி, எவ்வருணத்தார் எவ்வயிரம் அணியலாம் என்றும் சில வடநூல்கள் விதித்தன. சிலம்பும் வயிரத்தைப் பேசுமிடத்து நால்வகை வருணத்தைக் குறிப்பிடுகின்றது.

வேதியியல் இப்பகுப்பைத் தகர்த்துவிட்டது. எந்நிற வயிரமும் கரியே. கரியணுக்களிடையே நைட்டிரசன் அணுக்கள் சிறிது கலந்தால் மஞ்சள் தோன்றும். போரான் கலந்தால் நீலம் தோன்றும். நிறம் பிறப்பின் உயர்வு தாழ்வைக் காட்டுவதன்று. கலந்த அணுவைக் காட்டுவது. நீலச்சாயல் உண்டா என்று மரநிழலில் வைத்து ஐயுற்ற அதே நாட்டில் தாவெர்னியே வாங்கிப் பதினான்காம் லூயி மன்னனுக்கு விற்ற ஆழ்நீல வயிரமே, பின்னர் மீண்டும் வெட்டப்பட்டு 'ஹோப்' வயிரம் என்னும் பெயருடன் 1958 முதல் வாசிங்டனில் சிமித்சோனியன் காட்சியகத்தை அணிசெய்கின்றது. குற்றங்களை எண்ணிச் சொன்ன அறிவு கண்ணால் கண்டதைச் சொன்னது; வருணம் சொன்ன அறிவு காணாததைக் கல்லின்மேல் ஏற்றியது. ஒரே நூலுள் இவ்விரண்டும் அருகருகே நிற்றலால், கற்போர் பிரித்தறியும் கடமை உடையர்.

இக்கால அளவுகோல்

வயிரம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் கண்டெடுக்கப்படும் வரை உலகின் வயிரத் தேவையைப் பெரிதும் நிறைவு செய்தது இந்தியாவே. 1867இல் தென் ஆப்பிரிக்காவில் வயிரம் கிடைத்தபின் வணிகம் பெருகியது. பொதுவான அளவுகோல் தேவைப்பட்டது. 1907இல் 200 மில்லிகிராம் ஒரு கேரட் என வரையறுக்கப்பட்டது. நம் குன்றியும் மஞ்சாடியும் வித்துகளிலிருந்து பிறந்தாற்போலக் கேரட்டும் கரோப் என்னும் மரத்தின் வித்திலிருந்து பிறந்த அளவே. ஒரு கேரட்டின் நூற்றிலொரு பங்கு சென்ட். மதுரை நகைக்கடைகளிலும் மூக்குத்தி வயிரம் சென்ட் கணக்கில்தான் விலை பேசப்படுகின்றது. 1919இல் மார்செல் தோல்கோவ்சுகி என்பவர், உட்புகும் ஒளி கீழே கசியாமல் மேல்நோக்கித் திரும்ப எக்கோணத்தில் பட்டை தீட்டவேண்டும் என்று கணித்து எழுதினார். 1931இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 1950களில் எடை, நிறம், தூய்மை, பட்டை என்னும் நான்கையும் இணைத்து அளவுகோல் வகுத்தது. ஆங்கிலத்தில் இந்நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இதனை 'நான்கு சி' என்பர். நிறத்திற்கு 'டி' முதல் 'இசட்' வரை 23 படிகள். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின்வழிக் காணும் தூய்மைக்கு 11 படிகள்.

அடியார்க்கு நல்லார் தந்த பட்டியலையும் இதனையும் ஒப்பிட்டால் ஒரு மாற்றம் புலனாகும். பழைய முறை குற்றத்தின் இனத்தைப் பெயரிட்டது. புதிய முறை குற்றத்தின் அளவைப் படியிட்டது. பழைய முறை இயற்கை வடிவத்தைப் போற்றியது. புதிய முறை மனிதன் தீட்டிய பட்டையைப் போற்றுகின்றது. இவற்றோடு தமிழகத்து இல்லங்களில் மூன்றாவது முறையும் உண்டு. தோடோ மூக்குத்தியோ வாங்குமுன் கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, நல்லது நடந்தால் வாங்குவதும், இல்லையேல் தோடமுள்ள கல் எனத் திருப்பித் தருவதும் அம்முறை. கல்லை விட்டு வீட்டை நோட்டமிடுவது அது.

1954இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வயிரம் ஆக்கப்பட்டது. இன்று அது பெருந்தொழில். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் அதற்கென ஆய்வு மையம் அமைக்க 2023இல் நடுவணரசு நிதி அளித்தது. அவ்வயிரமும் கரியே, அதன் கடினமும் ஒளியும் இயற்கை வயிரத்தினவே. கைக்கண்ணாடி கொண்டு வேறுபாடு காண இயலாது, நுண்கருவிகள் வேண்டும். குணம் ஒன்றாயிருந்தும் விலை பெரிதும் வேறுபடுவதால், குணமும் விலையும் ஒன்றல்ல என்பது தெளிவாகின்றது. குணம் பொருளில் உள்ளது. விலை மாந்தரின் உடன்பாட்டில் உள்ளது.

சிலம்பின் விலை

இத்தனை நோட்ட அறிவும் குடிகொண்டிருந்த மதுரையில்தான் தமிழிலக்கியத்தின் கொடிய தீர்ப்பு நிகழ்ந்தது. மணிவீதியைக் கண்டு திரும்பிய கோவலன், கண்ணகியின் ஒற்றைச் சிலம்புடன் மீண்டும் நகருள் புகுகின்றான். எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம், அரசமாதேவி அணிதற்குத் தக்க காற்சிலம்பு ஒன்றுக்கு விலை மதிக்க வல்லையோ என்று வினவுகின்றான். மதிப்பிடக் கேட்ட அவ்வினாவே அவன் உயிருக்கு உலை வைத்தது. பொற்கொல்லன் தன் களவை மறைக்கும் வாய்ப்பைக் கண்டான். மன்னன் சிலம்பைக் காணாமலே கொலைக்கு ஆணையிட்டான்.

வழக்குரை காதையில் உண்மை வெளிப்பட எத்தனை நேரம் ஆயிற்று? கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துப் பார்த்த அளவில் மணி தெறித்தது. பன்னிரண்டு குற்றங்களைப் பிரித்தறியும் வண்ணக்கன் எவனும் அங்கே தேவைப்படவில்லை. பார்த்தல் ஒன்றே தேவைப்பட்டது. அந்நகரிலேயே தெரிந்தோர் திரண்ட வீதி இருந்தது. அவருள் ஒருவரை அழைக்க மன்னனுக்குத் தோன்றவில்லை. ஊர்காண் காதையில் மணியின் குணகுற்றங்களை அடிகள் அத்துணை விரித்துரைத்தது, பின்வரும் இத்தீர்ப்பின் வெறுமையைக் கற்போர் உணரவேண்டும் என்பதற்கே எனலாம். மணிநூலை விரித்துரைத்த அடியார்க்கு நல்லாரின் உரை வழக்குரை காதைக்குக் கிடைக்காமற் போனது தமிழுக்கு நேர்ந்த இழப்பு. உடைந்த சிலம்பின் மாணிக்கத்தைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பார் என்பதை இனி அறிய வழியில்லை.

ஆராயாத தீர்ப்பு அதனோடும் முடியவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகின்றது. ஒருவன் செய்த களவு ஒரு தொழிலார் அனைவர்மேலும் ஏற்றப்பட்டது. வயிரத்தின்மேல் வருணத்தை ஏற்றிய பிழையும் மாந்தரின்மேல் குற்றத்தை ஏற்றிய இப்பிழையும் ஓரினத்தன. தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டியதைக் கூட்டமாக வைத்து விலையிட்டதே இரண்டிலும் நிகழ்ந்த தவறு. அழகர்மலைக் குகையில் கொடையாளனாகப் பெயர் பொறித்த மதுரைப் பொற்கொல்லனை இவ்விடத்து நினைத்தல் தகும்.

நூலுக்கும் நோட்டம்

மணிக்குக் குற்றமும் குணமும் வகுத்தாற்போலவே தமிழ் மரபு நூலுக்கும் வகுத்தது. தொல்காப்பிய மரபியல் நூலின் சிதைவுகள் பத்து என்கின்றது. நன்னூலார் நூற்குற்றம் பத்து, அழகு பத்து என்று இரண்டையும் நிரல்படுத்துகின்றார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச் சொல் புணர்த்தல் என்று அவர் எண்ணும்போது, கீற்று, துளை, கரி, விந்து என்று எண்ணும் வண்ணக்கனின் குரலே கேட்கின்றது. இரண்டும் பெயரிட்டு அறியும் முறைகள். நன்று, தீது என்று பொதுப்படக் கூறாமல், எவ்விடத்து எக்குற்றம் என்று சுட்டும் முறைகள். இன்றைய நூல் மதிப்புரைகளில் அருமை, சிறப்பு என்னும் இரு சொற்களே நிறைந்திருப்பதை நோக்க, பத்தும் பன்னிரண்டும் எண்ணிய அம்மரபிலிருந்து நாம் எத்துணை விலகி வந்துள்ளோம் என்பது புலப்படும்.

இறையனார் களவியல் உரை தரும் கதையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டு, எவருரை மெய்யுரை என மாறுபட்டபோது, அதனைத் தேர்ந்து சொல்ல அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறானான். தாவெர்னியே கண்ட மரத்தடிச் சிறுவர்களையும் இச்சிறுவனையும் அருகருகே வைத்து எண்ணலாம். சொன்னவர் யார் என்று பார்க்காமல், சொல்லை மட்டும் கேட்டதே அவன் நோட்டத்தின் வலிமை.

வாதவூரரின் சொல்லை மாணிக்கம் என்று தமிழுலகம் சொன்னதும் புகழ்ச்சிக்காக மட்டும் அன்று. பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று மாணிக்கத்தை நான்காகப் பகுத்துப் பார்த்த நாட்டார் இட்ட பெயர் அது. நோட்டம் அறிந்தவர் வாயிலிருந்து வந்தமையாலேயே அப்பெயருக்கு மதிப்பு உண்டு.

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டு நிறைவுறுங்கால், அரங்கேறிய கவிதைகளும் வெளிவந்த நூல்களும் பட்டியலாகத் தொகுக்கப்படுதல் இயல்பே. அப்பட்டியலை எழுதுவோர்க்குத் தஞ்சைக் கோயிலின் சுவர் ஒரு வழி காட்டியுள்ளது. வயிரம் இத்தனை, அவற்றுள் புள்ளியுள்ளவை உள்ளன, முறிந்தவை உள்ளன, அவையும் அடங்க நிறை இவ்வளவு என்று அங்கே எழுதியவர்கள் அரசனைச் சிறுமைப்படுத்தினர் என்று எவரும் சொன்னதில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்து, அவ்வணிகலன்கள் அங்கில்லாத இந்நாளிலும், அவர்கள் எழுதிய கணக்கை நாம் நம்புகின்றோம்.